புதுச்சேரியிலிருந்து ஸ்பிதி வரை, குளிர்காலத்தில், நாய்களோடு காரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து கணவன் மனைவி இருவராக, ஒன்றோ இரண்டோ நாய்களையும் ஏற்றிக்கொண்டு, சொந்தக் காரில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போக நினைப்பவர்களுக்கான பக்கம் இது. சிம்லா, கின்னௌர் வழியாகக் காசா ஊர் வரை ஒரு வழிக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் வளர்ந்த நாயும் உப்புக்காற்றில் நின்ற காரும் மைனஸ் 20 டிகிரிக்குப் போகின்றன. இரண்டுக்குமான வேலையில் முக்கால்வாசியை இங்கேயே, கிளம்பும் முன்பே முடிக்க வேண்டும். எவ்வளவு உயரம் ஏறுவது, எப்போது திரும்புவது என்பதை நாயின் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

எங்கள் நாய் இந்தப் பயணத்தைத் தாங்குமா?

இனத்தைவிட வயது, இதயம், ரத்தம் மூன்றும் முக்கியம். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டியையும் எட்டு வயதைத் தாண்டிய நாயையும் 3,000 மீட்டருக்கு மேல் கூட்டிப் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பக், ஷிட்ஸு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சமவெளியிலேயே மூச்சு இழுக்கும். மெல்லிய காற்றில் அவற்றை வருத்துவது நியாயமில்லை.

லாப்ரடாருக்கு உள்முடி உண்டு, தாங்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், நம் தெருவில் பிறந்த நாட்டு நாய் ஆகியவற்றுக்கு முடி குட்டை, உள்முடி இல்லை, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. இவை வர முடியாது என்றில்லை. உடை இல்லாமல் வெளியே பத்து நிமிடம்கூட நிற்க விடக்கூடாது, அவ்வளவுதான். பெரிய ராஜபாளையத்தைவிட ஒல்லியான சிப்பிப்பாறைக்குக் குளிர் சீக்கிரம் ஏறும்.

கிளம்பும் முன் டாக்டரிடம் என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

முதலில் ரத்தம். நம் கடற்கரை மாவட்டங்களில் வருடம் முழுக்க உண்ணி உண்டு. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உள்ளே தங்கி, நாயின் ரத்தத்தை மெல்லக் குறைத்திருக்கும். பாண்டியில் சாதாரணமாக ஓடி விளையாடும் அந்த நாய்தான், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் முதலில் படுத்துவிடும். ஆகவே முழு ரத்த எண்ணிக்கை, ஹீமோகுளோபின், பிளேட்லெட், உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனை ஆகியவற்றைக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே செய்துவிடுங்கள். ஏதாவது இருந்தால் மருந்து கொடுத்து, ரத்தம் ஏறி, மறுபடி பரிசோதிக்க அவகாசம் வேண்டும். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடமாக இருந்தால் எல்லாம் ஒரே நாளில் முடியும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், எலிக்காய்ச்சலையும் சேர்த்துத் தரும் கூட்டுத் தடுப்பூசியும் குறைந்தது 21 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தையும், கிளம்பும் வாரத்தில் வாங்கிய உடல்தகுதிச் சான்றையும் காகிதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் படம் உதவாது.

கடைசி இரண்டு மாதம் முடியை ஒட்ட வெட்ட வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்?

முதல் தடவை என்றால் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை. அப்போது காசாவில் இரவு மைனஸ் 10, மைனஸ் 15 என்று இறங்கும், ஆனால் சாலையில் கனத்த பனி இன்னும் விழுந்திருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் மைனஸ் 20, 25 என்று போகும். ஒரு பனிப்பொழிவில் நான்கைந்து நாள் சாலை அடைபடலாம்.

நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அது நம் ஊரில் புயல் மாதம். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் மெயினை அணைத்து, மொட்டை மாடி நீர்ப் போக்கியைச் சுத்தம் செய்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பொங்கல் முடிந்துதான் லீவு கிடைக்கும் என்பவர்கள் காசாவை விட்டுவிட்டு, வழியிலேயே உள்ள நார்கண்டாவோ கல்பாவோ போதும் என்று வைத்துக்கொள்வது நல்லது. மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாகச் சிஸ்ஸு வரை போய்வருவதும் ஒரு வழி. 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் சுரங்கம் அது. பனி கனமாக இருக்கும் நாளில் நாலு சக்கர இழுவை அல்லது டயரில் மாட்டும் பனிச் சங்கிலி உள்ள வண்டியை மட்டும் போலீஸ் விடுவார்கள்.

மணாலி வழியாகக் காசா போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். சிம்லா வழி ஒன்றுதான்.

எத்தனை நாள் ஆகும்? எங்கெங்கே தங்குவது?

சிம்லா வரை ஏழு நாள், அங்கிருந்து காசாவுக்கு ஐந்து நாள், காசாவில் இரண்டு மூன்று நாள், அதே வழியில் திரும்ப ஒன்பது பத்து நாள். மொத்தம் 25 நாளுக்குக் குறைந்து திட்டமிடாதீர்கள். பனிக்காக மூன்று நாள் சும்மா ஒதுக்கி வையுங்கள்.

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரியில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரு, அனந்தபூர், கர்னூல், ஐதராபாத், அடிலாபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று ஒரே சாலை. நாய் இருக்கும்போது ஒரு நாளைக்கு 450, மிஞ்சினால் 500 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சங்கிலியோடு இறக்கிப் பதினைந்து நிமிடம் நடத்த வேண்டும். பங்க் வளாகத்தில் நிறுத்துவது டோல்கேட் அருகே நிறுத்துவதைவிட நல்லது. டோல்கேட்டுகளில் தெருநாய்க் கூட்டம் இருக்கும்.

நாக்பூரைத் தாண்டிச் சிவனிக்கு முன்னால் சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகிறது. கீழே விலங்குகள் கடக்கவே சாலையைத் தூண்மேல் உயர்த்தியிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் நாயை இறக்க வேண்டாம்.

வட இந்தியாவில் மூடுபனி பற்றிச் சொல்கிறார்களே?

இந்தப் பயணத்தில் உயிருக்கு மிக ஆபத்தான பகுதி மலையல்ல, ஆக்ராவிலிருந்து அம்பாலா வரையான சமவெளிதான். டிசம்பர், ஜனவரியில் இரவு பத்திலிருந்து காலை ஒன்பது வரை பத்தடி தூரம்கூடத் தெரியாத நாட்கள் வரும். அந்த நேரத்தில் ஓட்டாதீர்கள், வேறு உபாயம் இல்லை. நடுவழியில் மாட்டிக்கொண்டால் சாலை ஓரத்தில் நிறுத்துவது தப்பு. பின்னால் வரும் லாரி உங்கள் விளக்கைப் பார்த்தே, அதுதான் சாலை என்று நினைத்து வந்து மோதும். மெதுவாக அடுத்த தாபாவுக்குள் போய்விடுங்கள்.

டெல்லியைச் சுற்றிக் காற்று மாசு கூடும் நாட்களில் பிஎஸ் என்ற புகை அளவு விதிப்படி பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களுக்குத் தடை வரும். டெல்லியோடு குருகிராம், ஃபரீதாபாத், காசியாபாத், நொய்டா பகுதிகளுக்கும் அது பொருந்தும். புறவழி விரைவுச் சாலையில் போனாலும் இந்த மாவட்டங்களைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்பதால், பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஆக்ராவில் தங்கும் இரவே அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் கார் நல்லதா, டீசல் காரா?

இரண்டும் கையில் இருந்தால் பெட்ரோல். நம்மூர் பங்க் டீசல் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போதே அதிலுள்ள மெழுகு பிரிந்து கலங்கத் தொடங்கலாம். குளிர் இன்னும் ஏறினால் அந்த மெழுகு ஃபில்டரை அடைத்துவிடும். செல்ஃப் சுற்றும், வண்டி பிடிக்காது. இதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை லடாக்கில் கொண்டுவந்தது.

டீசல் காரில்தான் போகிறீர்கள் என்றால், சமவெளியில் போட்ட டீசல் மலை ஏறுவதற்குள் ஏறக்குறைய தீரும்படி கணக்குப் பார்த்து, ராம்பூரிலும் ரெக்காங் பியோவுக்குக் கீழே உள்ள போவாரியிலும் நிரப்புங்கள். டீசல் உறையாமல் இருக்க ஊற்றும் கலவையை, பாட்டிலில் சொன்ன அளவுப்படி, டீசல் இன்னும் தெளிவாக இருக்கும்போதே ஊற்றிவிட வேண்டும். உறைந்தபின் ஊற்றினால் பயனில்லை. புது டீசல் ஃபில்டர் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். உறைந்த டாங்குக்குக் கீழே நெருப்பு மூட்டுவதைச் சாலையில் பார்ப்பீர்கள். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். பிஎஸ்-6 டீசலில் யூரியா திரவம் ஊற்றும் வகை என்றால், அது மைனஸ் 11-இல் உறையும், எஞ்சின் ஓடச் சூடாகித் தானே உருகும். பயப்பட வேண்டாம்.

எந்த எரிபொருளானாலும் போவாரிக்கு அடுத்த பங்க் காசாவில்தான். நடுவே 200 கிலோமீட்டர். பாதி டாங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

காரில் இங்கேயே செய்ய வேண்டிய வேலைகள் எவை?

கூலண்ட்டிலிருந்து தொடங்குங்கள். நம்மூரில் கூலண்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தால் ரேடியேட்டர் மட்டுமல்ல, எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். பழையதை முழுக்க வடித்து, எத்திலீன் கிளைகால் கூலண்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். அந்தக் கலவை மைனஸ் 35 டிகிரிக்குக் கிட்டத் தாங்கும். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

அந்தக் கூலண்ட் இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். பத்துக் கிலோ நாய்க்கு 50 மில்லி உயிரைக் குடிக்கப் போதும். ஒழுகிய இடத்தை உடனே கழுவுங்கள். மீதிப் பாட்டிலை மூடி இறுக்கி டிக்கியில் தனியாக வையுங்கள்.

பாட்டரிக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுவதே மேல். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பாட்டரிக்கே பாதித் திறன்தான் மிஞ்சும். கடற்காற்றில் அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அதைச் சமையல் சோடாத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வாசலின் தடவுங்கள். எஞ்சின் ஆயில் 15டபிள்யூ-40 போன்ற கனத்த ரகமாக இருந்தால், கையேடு அனுமதிக்கும் 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ ரகத்துக்கு மாறுங்கள். கண்ணாடி கழுவும் தொட்டியில் சோப்புத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, மைனஸ் 20 தாங்கும் திரவம் ஊற்றுங்கள்.

லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போலக் கடலுக்கு ஒட்டி நிற்கும் வண்டிகளில் பிரேக் பைப்பும் ஹேண்ட் பிரேக் கேபிளும் துருப்பிடித்து மேலே பொருக்குத் தட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். ஊரில் அது பல வருடம் ஓடும். கின்னௌர் இறக்கத்தில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து பிரேக் அழுத்தினால் அங்கேதான் வெடிக்கும்.

பனிச் சங்கிலி கட்டாயமா? எப்படி மாட்டுவது?

கட்டாயம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைச் சொல்லி ஒரு ஜோடி வாங்குங்கள். முன்சக்கர இழுவைக் காரென்றால் முன் டயர்களில், பின்சக்கர இழுவை என்றால் பின் டயர்களில் மாட்ட வேண்டும். சங்கிலியை டயரின் பின்னாலிருந்து நுழைத்து, முதலில் உட்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கக் கொக்கி, கடைசியில் இழுப்பான். ஐம்பதடி உருட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். இந்தக் கடைசி இறுக்கலை விட்டுவிடுவதால்தான் சங்கிலி கழன்று பிரேக் ஹோஸை அறுக்கிறது.

மாட்டியபின் வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. வெறும் தார் தெரிந்தவுடன் கழற்ற வேண்டும். வீட்டு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற அளவுக்குப் பழகுங்கள், அங்கே கையுறையோடு செய்ய வேண்டியிருக்கும். ஒருவர் சங்கிலி மாட்டும்போது மற்றவர் நாய்களோடு காருக்குள்ளேயே இருக்க வேண்டும். சறுக்கும் சாலையில் அவிழ்ந்து ஓடும் நாயைத் துரத்துவதைவிட மோசமான நிலை இல்லை.

மேல் கின்னௌரில் உள்ள நாக்கோ ஊருக்கு அருகிலும் அதற்கப்பாலும் ஓடைகள் சாலையின் குறுக்கே வழிந்து இரவில் கண்ணாடிபோல உறையும். நிழல் விழும் வளைவுகளில் மதியம்வரை உருகாது. காலை பத்துக்கு மேல் கிளம்பி, நாலு மணிக்குள் அடைந்துவிடுங்கள். பனிக்கட்டி மேல் இரண்டாவது கியர், பிரேக்கில் கால் வைக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஒரே சீராகக் கடக்க வேண்டும்.

டயரில் காற்று எவ்வளவு வைப்பது?

கம்பெனி சொன்ன அளவேதான். குளிரில் காற்றழுத்தம் குறையும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் மானி கூடுதலாகக் காட்டும். ஊரில் 33 வைத்தால் காசாவிலும் 30, 32 என்று அருகிலேயே நிற்கும். உண்மையில் குறைவது குளிர் மட்டும் உள்ள பஞ்சாப், ஹரியானா சமவெளியில். அங்கே காலை 29 காட்டும். ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில் அங்கே சரிபார்த்து நிரப்புங்கள். பிடிமானத்துக்காகக் காற்றை இறக்குவது பனிச் சாலையில் வேலைக்கு ஆகாது. சங்கிலியும் தளர்ந்துவிடும்.

காருக்குள் நாய்க்கு எங்கே இடம்?

பின் சீட்டில், மார்புக் கவசப் பட்டை போட்டு, அதைச் சீட் பெல்ட்டோடு இணைக்கும் குட்டை வாரில். கழுத்துப் பட்டையில் இணைத்தால் ஒரு சடன் பிரேக்கில் கழுத்து முறியும். முன்சீட்டு மடி கூடவே கூடாது, ஏர்பேக் விரிந்தால் நாய் பிழைக்காது. பின் சீட்டின் கால்வைக்கும் பள்ளத்தை அட்டைப் பெட்டி, கம்பளி வைத்துச் சமமாக்கினால் நாய் உடம்பை நீட்டிப் படுக்கும், வளைவுகளில் உருளாது.

வாந்தி எடுக்கும் நாய்க்குப் பயணத்துக்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். மனிதர்கள் போடும் வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், டாக்டரிடம் நாய்க்கான மாத்திரையை எடைக்கேற்ப வாங்கி வையுங்கள்.

இரண்டு விஷயம் எல்லோரும் மறப்பது. நாய் காருக்குள் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு இருவரும் இறங்கினால், அது ஜன்னலோரம் ஏறி லாக் பட்டனை மிதித்துவிடும். ஆகவே இரண்டாவது சாவி எப்போதும் மற்றவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. அடுத்தது மூச்சு. இரண்டு ஆள், இரண்டு நாய் விடும் ஈரத்தில் கண்ணாடியின் உட்பக்கமே பனி படியும். ஹீட்டரோடு ஏசியையும் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள்.

உயரம் நாயைப் பாதிக்குமா?

பாதிக்கும். நமக்குத் தலைவலி என்றால் சொல்லிவிடுவோம். நாய் சும்மா படுத்துக்கொள்ளும், களைப்பு என்று நினைத்துவிடுவோம்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். சிம்லா சுமார் 2,200 மீட்டர், அங்கே இரண்டு இரவு. கல்பா 2,900-க்குக் கொஞ்சம் மேல், அங்கே இரண்டு இரவு. தாபோ 3,280, ஒரு இரவு. பிறகு 3,700 மீட்டர் அளவில் காசா. கல்பாவிலிருந்து நேரே நாக்கோவில் தங்குவது பலர் செய்வது. ஒரே தாவில் 700 மீட்டர். நாக்கோவில் டீ குடித்துவிட்டுத் தாபோவுக்கு இறங்கித் தூங்குங்கள்.

நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வீட்டிலேயே ஒரு வாரம் எண்ணி எழுதிவையுங்கள், பெரும்பாலும் 15 முதல் 30-க்குள் இருக்கும். மலையில் ஒவ்வொரு இரவும் எண்ணுங்கள். தூக்கத்திலேயே 40-ஐத் தாண்டினாலும், இருமினாலும், ஈறு இளஞ்சிவப்பு போய்ச் சாம்பலோ நீலமோ பாய்ந்தாலும், இரண்டு வேளை சாப்பாட்டைத் தொடாவிட்டாலும், காத்திருக்காமல் பகல் வெளிச்சத்தில் இறங்கத் தொடங்குங்கள். ஆயிரம் மீட்டர் இறங்குவதே முதல் மருந்து. உயர நோய்க்கு நீங்கள் போடும் மாத்திரையை நாய்க்குப் பங்கு போடாதீர்கள். பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் இரண்டும் நாய்க்கு விஷம்.

ஸ்வெட்டர், ஷூ எல்லாம் தேவையா?

தேவை, ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு செட். கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு ஒன்று. இந்த இரண்டையும் வைத்து வாங்குங்கள். உள்ளே ஃப்ளீஸ், மேலே நீர் புகாத கோட்டு, வயிறும் மூடியிருக்க வேண்டும். பாண்டிக் கடைகளில் கிடைப்பது வெறும் அலங்கார உடை. நல்ல டெய்லர் இருந்தால் ஃப்ளீஸ் போர்வையைக் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். நனைந்த ஸ்வெட்டர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அது இல்லாமல் இருப்பதே மேல் என்ற நிலை. நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

ஷூவை மூன்று வாரம் முன்பிருந்தே வீட்டுக்குள் தினம் ஐந்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள். முதலில் காலை உயர உயரத் தூக்கும், பிறகு மறந்துவிடும். பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மணிக்கொருமுறை கழற்றி விரல்களைப் பாருங்கள். ஷூவே ஒத்துக்கொள்ளாத நாய்க்கு விரலிடுக்கு முடியை ஒட்ட நறுக்கி, பாத மெத்தையில் வாசலின் தடவுங்கள். முடி நீண்டிருந்தால் பனி அதில் உருண்டை பிடித்துக் கட்டியாகி, நாய் நடுவழியில் உட்கார்ந்து காலைக் கடிக்கும். அப்போது இழுக்காதீர்கள், உள்ளங்கையில் பொத்தி உருக்குங்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

வீட்டில் 20 கிலோ நாய்க்கு நாளைக்கு 280 முதல் 300 கிராம் உலர் தீவனம் போதும் என்றால், குளிரில் 380 வரை வேண்டும். திடீரென்று கூட்டாமல் நாக்பூரிலிருந்தே மெல்ல ஏற்றுங்கள். 25 நாளுக்கு ஒரு நாய்க்கு 9 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அதே பிராண்ட் வழியில் கிடைக்காது. குளிருக்கு நல்லது என்று நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் அள்ளிப் போட்டால் கணையம் வீங்கி நாய் சுருண்டுவிடும்.

தயிர்சாதம் பழகிய நாய்க்குச் சோறு பொங்க வேண்டுமென்றால் சின்னக் குக்கர் எடுத்துப் போங்கள். காசாவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேகவே வேகாது. முட்டை எங்கும் கிடைக்கும்.

தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டராவது உள்ளே போக வேண்டும். குளிரில் நாய் தானாகக் குடிக்காது. பிளாஸ்கில் வைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி கறிச்சாறு கலந்தால் குடிக்கும். பனியைத் தின்னட்டும் என்று விடாதீர்கள், வயிறு கெடும், உடம்புச் சூடும் இறங்கும்.

தங்கும் இடத்தில் நாயை விடுவார்களா?

கின்னௌர், ஸ்பிதி வீடுகளில் நாயை வெறுக்க மாட்டார்கள். ஆனால் அங்கே நாய் என்றால் முற்றத்தில் படுப்பது. “நாய் வரலாம்” என்று போனில் சொல்வதற்கு அதுதான் பொருள். அதனால் “குத்தா கம்ரே கே அந்தர் ஸோயேகா, டீக் ஹை?” என்று நேராகக் கேளுங்கள், அறைக்குள் தூங்கும், சரியா என்று. சொந்தக் கம்பளி கொண்டுவருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்துவிடும். பக்கெட் தண்ணீர்தான், கழிவறையும் மண் தூவும் உலர் கழிவறைதான். வீட்டின் நடு அறையில் இரும்பு அடுப்பு எரியும். கடற்கரை நாய்க்கு அது என்னவென்றே தெரியாது, ஒட்டிப் படுத்து முடியைக் கருக்கிக்கொள்ளும். ஒரு கை தூரத்துக்கு அப்பால் கட்டுங்கள். புகைபோக்கி இல்லாத கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காரில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான், புகைக்குழாயைப் பனி மூடினால் நால்வரும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

உங்களில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால், கின்னௌரிலிருந்து ஸ்பிதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். ரெக்காங் பியோவில் எடுத்துக்கொள்ளலாம். இந்தியர்களுக்குத் தேவையில்லை.

இரவில் காரை எப்படி விடுவது? காலையில் எடுக்காவிட்டால்?

ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், ஈரத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். கதவு ரப்பரில் வாசலின் தடவுங்கள். காலை வெயில் முதலில் விழும் பக்கம் பார்த்து முகப்பை நிறுத்துங்கள்.

காலையில் விளக்கு, ஹீட்டர் எல்லாம் அணைத்து, கிளச்சை முழுக்க அழுத்தி, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். பிடிக்காவிட்டால் அரை நிமிடம் பொறுத்து மறுபடி. டீசலுக்கு ஹீட்டர் விளக்கு இரண்டு தடவை எரிந்து அணையட்டும். ஜம்பர் கேபிள் என்றால் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸை மட்டும் உங்கள் எஞ்சின் இரும்பில். கண்ணாடிப் பனி மேல் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி தெறிக்கும்.

நாய்க்குக் குளிர் அடித்துவிட்டால் என்ன செய்வது?

நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். வாசலின் தடவிய தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள், 98.6-க்குக் கீழே இறங்கினால் அவசரம். நடுங்கிக்கொண்டிருந்த நாய், சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்துவது நல்ல அறிகுறி அல்ல, இன்னும் மோசமாகிறது என்று பொருள்.

ஈர உடையைக் கழற்றித் துடைத்து, கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றி மார்பிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். ஈறில் தேன் தடவுங்கள். காது நுனி, வால் நுனி, விரல்கள் வெளுத்து விறைத்திருந்தால் தேய்க்கக் கூடாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் வையுங்கள், மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் அதையும் செய்யாமல் மூடிக்கொண்டு போங்கள். அரசுக் கால்நடை மருத்துவமனைகள் ராம்பூர், ரெக்காங் பியோ போன்ற ஊர்களில் உண்டு. பெரிய சிகிச்சைக்குச் சிம்லாதான்.

மற்ற மிருகங்களால் தொல்லை உண்டா?

சிம்லா, கின்னௌர் காடுகளில் சிறுத்தை நாயைத்தான் தேடி வரும். அங்கே ஆட்டு நாய்களின் கழுத்தில் முள் பதித்த இரும்புப் பட்டை போடுவதே அதற்காக. இருட்டியபின் வாசலில் கட்டக் கூடாது, கடைசி நடையை ஐந்து மணிக்கே முடித்துவிடுங்கள். காசாவில் தெருநாய்க் கூட்டம் பெரிது, குளிர்காலத்தில் பசியோடு இருக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. கிப்பர், பின் பள்ளத்தாக்குப் பகுதிகள் பனிச்சிறுத்தையும் நீல ஆடும் வாழும் காப்பிடங்கள். குளிர்காலத்தில் அந்த ஆடுகள் இருக்கிற கொழுப்பை வைத்துத்தான் உயிர் பிழைக்கின்றன. ஒரு நாய் துரத்தினால் பிறகு மீளாது. காப்பிடத்துக்குள் நாயைக் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் போய்ப் பார்த்துவரட்டும், மற்றவர் நாயோடு காசாவில் இருக்கட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற இடங்களிலும் சங்கிலியை அவிழ்க்க வேண்டாம்.

திரும்பி வந்தபின் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நாக்பூரைத் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள், மலையில் முடி அடர்ந்திருக்கும், வெயில் சட்டென்று ஏறும். சாப்பாட்டைப் பழைய அளவுக்கு ஒரு வாரத்தில் இறக்குங்கள். ஊருக்கு வந்த மறுநாளே உண்ணி மருந்து தேதியைப் பாருங்கள், பயணத்தில் அது தவறிப்போவது சகஜம். பாத மெத்தையில் வெடிப்பு இருந்தால் ஆறும்வரை கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போக வேண்டாம், உப்பு எரியும். காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவி, பிரேக் பேடையும் சங்கிலி உரசிய பிரேக் ஹோஸையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பனிச் சங்கிலியைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவிப் பையில் கட்டி வைக்காவிட்டால், நம்மூர்க் காற்றில் அடுத்த மழைக்காலத்துக்குள் துருவேறிவிடும்.